எங்கள் பெயரில் ஆடிய அணிகள்

உத்துர ருத்ராஸ், ஜப்னா ஸ்டாலியன்ஸ், ஜப்னா கிங்ஸ். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று அணிகள், நான்கு கிண்ணங்கள். யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அற்பாயுளில் மறைந்துபோகும் தொழில்முறை அணிகளிடம் ஓர் ஊர் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

மாலை நாலரை மணி. யாழ். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கூடைப்பந்துத் திடல். பகல் முழுக்க வெயில் குடித்த சீமெந்துத் தரையில் இன்னும் சூடு ஆறவில்லை. வளையத்தில் வலை இல்லை. கொளுக்கிகளில் நூல் மட்டும் தொங்குகிறது. பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன் பந்தை இரண்டு தரம் தரையில் தட்டிவிட்டு எறியப் போகிறான். ஓரத்தில் நின்ற பழைய மாணவர் ஒருவர் குரல் கொடுக்கிறார்.

"தம்பி, கால் கோட்டில படுது. கொஞ்சம் பின்னுக்கு நில்லு, அப்பதான் மூண்டு!"

பெடியன் குனிந்து பார்க்கிறான். கோடு பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. எங்கே இருந்தது என்பதை ஊகித்துத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். அரை அடி பின்வாங்கி எறிகிறான். பந்து வளையத்தின் உள்விளிம்பில் பட்டுச் சுழன்று விழுகிறது. மூன்று புள்ளிகள். கூட விளையாடுகிறவர்கள் கையடித்துச் சிரிக்கிறார்கள்.

அந்த வளைகோட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. இன்று உலகத்தின் எந்த மூலையில் கூடைப்பந்துத் திடல் போட்டாலும் அந்தக் கோட்டை வரையாமல் முடியாது. சர்வதேச விதிப்படி வளையத்திலிருந்து அதன் தூரம் 6.75 மீற்றர். ஆனால் அந்தக் கோட்டுக்குத் தொழில்முறை ஆட்டத்தில் முதன்முதலில் இடம் கொடுத்த லீக் ஒன்றரைப் பருவம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

செத்த லீக், சாகாத கோடு

1961. ஹார்லெம் குளோப்ரொட்டர்ஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பின அணியின் உரிமையாளர் ஏப் சாப்பர்ஸ்டீன், அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போட்டியாக 'அமெரிக்கன் பாஸ்கெட்போல் லீக்' என்ற புதிய தொடரைத் தொடங்கினார். உயரமானவர்கள் வளையத்தடியில் நின்று ஆட்டத்தை முழுதாக ஆண்ட காலம் அது. தூரத்தில் நின்று குறிபார்த்து எறிகிறவனுக்கும் மதிப்பு வேண்டும் என்று அவர் நினைத்தார். திடலில் ஒரு வளைகோடு வரையப்பட்டது. அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதிலாக மூன்று புள்ளிகள். 1962 டிசம்பர் 31 அன்று, இரண்டாவது பருவத்தின் நடுவில், பணம் இல்லாமல் லீக் இழுத்து மூடப்பட்டது.

கோடு மட்டும் தப்பியது. 1967இல் பதினொரு அணிகளுடன் தொடங்கிய 'அமெரிக்கன் பாஸ்கெட்போல் அசோசியேஷன்' அதைக் கையில் எடுத்தது. ஏபிஏ என்று எல்லோரும் அழைத்த அந்த லீக் ஒன்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பந்து அவர்களுடையது. பறந்துபோய்ப் பந்தை வளையத்துக்குள் அறையும் போட்டியை 1976இல் டென்வரில் முதன்முதலில் நடத்தியவர்களும் அவர்களே. ஜூலியஸ் எர்விங் என்ற மாபெரும் ஆட்டக்காரரை உலகம் கண்டதும் அங்கேதான்.

ஆனால் அந்த லீக்கின் அணிகள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஊர் மாறின, பெயர் மாறின, உரிமையாளர் மாறினார்கள். 1975இல் 'பால்ரிமோர் குளோஸ்' என்ற அணி ஒரு தொடர் ஆட்டம்கூட ஆடாமல், பயிற்சி ஆட்டங்களோடு கலைந்தது. அதே பருவத்தில் 'சான் டியேகோ செயில்ஸ்' பதினொரு ஆட்டங்களோடு நின்றுபோனது. 1976 ஜூனில் என்பிஏவுடன் இணைப்பு நடந்தபோது டென்வர், இந்தியானா, நியூயோர்க், சான் அன்ரோனியோ ஆகிய நான்கு அணிகளுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. 1975இல் ஏபிஏ சாம்பியனான 'கென்ரக்கி கேர்னல்ஸ்' வெளியே நின்றது. உரிமையாளர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு அணியைக் கலைத்தார். கிண்ணம் வென்ற மறுவருடமே அந்த ஊர் அணியை இழந்தது.

வெளியே நின்ற இன்னொரு அணி 'ஸ்பிரிற்ஸ் ஒவ் சென். லூயிஸ்'. அதன் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள் கெட்டிக்காரர்கள். என்பிஏவுக்குள் போன நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, லீக் இருக்கும் காலம் வரைக்கும் வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அன்று தொலைக்காட்சியில் பெரிய பணம் இல்லை, எல்லோரும் கையெழுத்திட்டார்கள். பிற்பாடு பணம் ஆறாகப் பாய்ந்தது. அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதியை முடிவுக்குக் கொண்டுவர 2014இல் 50 கோடி டொலர் கொடுக்க வேண்டி வந்தது. உரிமையாளருக்கு எழுத்தில் பிடி இருந்தது. கைதட்டி வளர்த்த சென். லூயிஸ் நகரத்து மக்களுக்கு ஒரு சதமும் இல்லை.

ஆனாலும் கோடு நின்றது. 1979இல் என்பிஏ அதை ஏற்றது. 1984இல் சர்வதேச சம்மேளனமும் ஏற்றது. அப்படித்தான் அது யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத் திடல் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஒரு லீக் எத்தனை வருடம் உயிரோடு இருந்தது என்பதைவிட, போகும்போது தரையில் எதை விட்டுப்போனது என்பதே பெரிய கேள்வி. அந்தக் கேள்வியை எங்கள் பெயரில் ஆடிய அணிகளிடம் கேட்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ரொறன்ரோவின் முதல் அணி

அதற்கு முன், எங்கள் உறவுகள் வாழும் ஒரு நகரத்தை எட்டிப் பார்ப்போம். ரொறன்ரோ என்றதும் இங்குள்ள பெடியளுக்கு நினைவு வருவது ராப்ரர்ஸ். 2019இல் அந்த அணி என்பிஏ சாம்பியனானபோது ஸ்காபரோவில் இருக்கும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் அனுப்பிய படங்கள் குடாநாட்டுத் தொலைபேசிகளிலும் நிறைந்தன.

ஆனால் அந்த நகரத்தின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்தணி ராப்ரர்ஸ் இல்லை; 'ரொறன்ரோ ஹஸ்கீஸ்'. 1946 நவம்பர் 1 அன்று மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நியூயோர்க் நிக்கர்பொக்கர்ஸ் அணியை அது எதிர்கொண்டது. என்பிஏ தன் வரலாற்றின் முதல் ஆட்டம் என்று இன்றும் கணக்கு வைத்திருப்பது அதைத்தான். ஐஸ் ஹொக்கிப் பித்துப் பிடித்த ஊருக்குள் கூடைப்பந்தை விற்க வேண்டும். அதனால் ஹஸ்கீஸின் மிக உயரமான வீரர், ஆறு அடி எட்டு அங்குல ஜோர்ஜ் நோஸ்ட்ராண்டைவிட உயரமானவர்களுக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 68க்கு 66 என்ற கணக்கில் நியூயோர்க் வென்றது.

ஒரே பருவம். 22 வெற்றி, 38 தோல்வி. அந்த முதல் பருவத்தின் பதினொரு அணிகளில் நான்கு அடுத்த பருவத்தைக் காணவில்லை. ஹஸ்கீஸ் அவற்றில் ஒன்று. அதன்பிறகு ரொறன்ரோவுக்கு மறுபடி என்பிஏ அணி வர 1995 ஆகிவிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு. ராப்ரர்ஸ் பின்னாளில் ஹஸ்கீஸின் பழைய உடையை அணிந்து ஆடி அந்த நினைவுக்கு மரியாதை செய்தது. ஓர் அணி செத்தாலும் அதன் உரிமையாளர்களுக்கு நட்டம் இரண்டு வருடத்தில் மறந்துபோகும். அந்த ஊர் ஓர் அணியைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும்.

'உத்துர' என்ற வடக்கு

இனி எங்கள் கதை. 2012 ஓகஸ்ட். ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்ற பெயரில் இலங்கையில் ஒரு ருவென்ரி-20 தொடர் தொடங்குகிறது. அதற்கு முந்தின வருடமே நடந்திருக்க வேண்டியது. இந்திய கிரிக்கெட் சபை தன் வீரர்களை அனுப்ப மறுத்ததால் தள்ளிப்போனது. மாகாணங்களின் பெயரில் ஏழு அணிகள். ஏழையும் வாங்கியவை இந்திய நிறுவனங்கள். வடக்கு மாகாணத்துக்கு வந்த அணியின் பெயர் 'உத்துர ருத்ராஸ்'. உத்துர என்றால் சிங்களத்தில் வடக்கு.

போர் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. வடக்கு என்ற சொல் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தில் வந்ததே அப்போது ஒரு புதுமை. ஆனால் வடக்கின் பெயரில் இறங்கிய அந்த அணி வடக்கில் கால் வைக்கவில்லை. தொடரின் எல்லா ஆட்டங்களும் கொழும்பு பிரேமதாச அரங்கிலும் பல்லேகலவிலுமே நடந்தன. ருத்ராஸ் கிண்ணமும் வெல்லவில்லை. ஓகஸ்ட் 31 அன்று ஊவா நெக்ஸ்ட் கிண்ணத்தைத் தூக்கியது.

அடுத்த வருடத் தொடருக்கு முன் அணிகளின் உரிமையாளர்கள் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்று கிரிக்கெட் சபை கேட்டது. உரிய நாளுக்குள் அது வரவில்லை. 2013 தொடர் இரத்தானது. லீக்கும் அதோடு முடிந்தது. உத்துர ருத்ராஸ் என்ற பெயரை இன்று யாழ்ப்பாணத்தில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்கு நினைவிருந்தால் அதிசயம். குற்றம் எங்களுடையதில்லை. நினைவில் வைக்க அந்த அணி இந்த மண்ணில் எதையும் செய்யவில்லை.

குதிரை வந்தது

எட்டு வருடங்களுக்குப் பிறகு, கொரோனாவின் நடுவில், லங்கா பிரீமியர் லீக் வந்தது. இந்தமுறை மாகாணத்துக்குப் பதிலாக நகரங்களின் பெயர்கள். கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம். எங்களுடையது 'ஜப்னா ஸ்டாலியன்ஸ்': ஆண் குதிரைகள். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. உரிமையாளர் குழுவில் புலம்பெயர்ந்த தமிழர்களும் இருந்தார்கள். வடக்கு இளைஞர்கள் சிலரின் பெயர் அணிப்பட்டியலில் இருந்தது.

பெருந்தொற்று காரணமாக முழுத் தொடரும் அம்பாந்தோட்டையில், தீவின் மறுமுனையில், ஆளில்லாத அரங்கில் நடந்தது. 2020 நவம்பர் 27 அன்று எங்கள் முதல் ஆட்டம். அவிஷ்க பெர்னாண்டோ ஆட்டமிழக்காமல் 92 ஓட்டங்கள் அடிக்க, காலியை எட்டு விக்கெற்றுகளால் வென்றது யாழ்ப்பாணம். கிரிக்கெட் நேர்முக வர்ணனையில் 'ஜப்னா' என்ற சொல் ஓவருக்கு ஓவர் ஒலித்தது. குண்டு, இடப்பெயர்வு, பாதை மூடல் என்று மட்டுமே அந்தச் சொல்லை வானொலியில் கேட்டுப் பழகிய எங்கள் தலைமுறைக்கு அது சாதாரண விஷயமில்லை. வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன் இருந்தோம். கிரிக்கெட்டே பார்க்காத அம்மாவும் குசினியை விட்டு வந்து, "எங்கட பிள்ளை எது?" என்று கேட்டார்.

டிசம்பர் 4 அன்று அந்தப் பிள்ளை வந்தான். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த். மறுநாள் அவனுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். லெக் ஸ்பின் பந்துவீச்சாளன். கொழும்பு அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில், இலங்கை அணியின் முன்னாள் தலைவர் ஏஞ்சலோ மத்யூஸின் விக்கெற்றை வீழ்த்தினான். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் அந்தத் தொடரில் ஆடியது அதுவே முதல் தடவை. அம்மா திரும்பக் குசினிக்குப் போகவில்லை.

டிசம்பர் 16 அன்று இறுதி ஆட்டம். திசர பெரேரா தலைமையில் 188 ஓட்டங்கள் குவித்து, காலியை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தை எடுத்தது ஸ்டாலியன்ஸ். சொயிப் மலிக் ஆட்டநாயகன். அடுத்த தொடருக்கு முன் உரிமை கைமாறியது, பெயரும் போனது. சாம்பியன் பட்டத்தோடு ஒரே பருவத்தில் முடிந்த அணி ஸ்டாலியன்ஸ்.

வென்றும் நிலைக்காதவை

2021இல் முல்லைத்தீவில் பிறந்த அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா நிறுவனம் அணியை எடுத்தது. புதிய பெயர் 'ஜப்னா கிங்ஸ்'. 2021இல் காலியை 23 ஓட்டங்களால் வென்று கிண்ணம். 2022இல் கொழும்பை இரண்டு விக்கெற்றுகளால் வென்று மறுபடி கிண்ணம். 2024 ஜூலையில் ரைலி றூசோவ் ஆட்டமிழக்காமல் 106 ஓட்டங்கள் அடிக்க, காலியை ஒன்பது விக்கெற்றுகளால் வென்று இன்னொரு கிண்ணம். ஐந்து தொடர்களில் நான்கு யாழ்ப்பாணத்தின் பெயருக்கு. தீவின் வேறெந்த நகரமும் அதன் அருகில்கூட வரவில்லை.

2025இல், ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி, ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ரைக்கர்ஸ் ஆகிய இரு அணிகளின் உரிமையும் இரத்துச் செய்யப்பட்டது. அந்த வருடத் தொடரும் தள்ளிப்போனது. கென்ரக்கி கேர்னல்ஸுக்கு 1976இல் நடந்தது, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து எங்கள் பெயருக்கு நடந்தது. நடப்புச் சாம்பியன், ஆனால் அணி இல்லை.

மற்ற ஊர்களின் கதையும் இதுதான். ஐந்து தொடர்களுக்குள் கொழும்பு கிங்ஸ், ஸ்ரார்ஸ், ஸ்ரைக்கர்ஸ் என்று மூன்று பெயர் கண்டது. காலி கிளேடியேற்றர்ஸ், ரைற்றன்ஸ், மார்வெல்ஸ் என்று மாறியது. தம்புள்ள வைக்கிங், ஜயன்ற்ஸ், ஓரா என்று போய், 2024இல் தண்டர்ஸ் என்ற பெயரில் வந்தது. அதன் உரிமையாளர் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானதும், தொடர் தொடங்க முன்பே சிக்ஸர்ஸ் ஆனது. பெயர் மாறும்போதெல்லாம் பழைய உடை அலுமாரிக்குள் போய்விடுகிறது. பிள்ளைக்கு ஒரு வருடம் வாங்கிக் கொடுத்த ஜேர்சியை அடுத்த வருடம் போட முடிவதில்லை.

ஏன் சாகின்றன?

இந்த லீக்குகளின் கணக்கு விளங்கினால் அவற்றின் ஆயுளும் விளங்கும். தொடர் கிரிக்கெட் சபைக்குச் சொந்தம். அதை நடத்தும் உரிமையைச் சபை ஒரு நிறுவனத்துக்குச் சில வருடங்களுக்கு விற்கிறது. அந்த நிறுவனம் ஊர்ப்பெயர்களை உரிமையாளர்களுக்கு விற்கிறது. உரிமையாளர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும்; வீரர்களுக்குச் சம்பளம், விமானச்சீட்டு, விடுதி எல்லாம் அவர் பொறுப்பு. வருமானம் வருகிற வழிகள் தொலைக்காட்சி, விளம்பரம், ரிக்கற், ஜேர்சி. ஐபிஎல் போன்ற தொடருக்குத் தொலைக்காட்சிப் பணமே போதும். சிறிய நாட்டின் மூன்று வாரத் தொடருக்கு அது கட்டுப்படியாகாது. ஊரில் ஆட்டமே இல்லையென்றால் ரிக்கற் பணமும் இல்லை. எனவே உரிமையாளர் தன் வேறு தொழிலின் விளம்பரச் செலவாகத்தான் அணியை ஓட்டுகிறார். அந்தத் தொழிலில் கை இறுகியதும் முதலில் வெட்டப்படுவது அணி.

இந்தக் கணக்கில் ஊருக்கு எந்த இடமும் இல்லை. யாழ்ப்பாணம் என்ற பெயரை விற்றபோது யாழ்ப்பாணத்தில் யாரும் கையெழுத்திடவில்லை. அதை மீளப் பறித்தபோதும் யாரிடமும் கேட்கவில்லை.

சென்னையிலும் இதே பாடம். 2015இல் யுபிஏ என்ற கூடைப்பந்து லீக் இந்தியாவில் தொடங்கியபோது 'சென்னை ஸ்லாம்' வந்தது. நான்கு பருவங்களுடன் 2017இல் எல்லாம் ஓய்ந்தது. 2022-23இல் ஐஎன்பிஎல் வந்தபோது 'சென்னை ஹீட்' என்று இன்னொரு பெயர். முதல் பருவத்தில் அவர்களே சாம்பியன். ஆனால் தமிழ்நாட்டுக் கூடைப்பந்து வீரனின் வீட்டில் சோறு பொங்க வைத்தது இந்த லீக்குகள் அல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே போன்ற நிறுவனங்கள் விளையாட்டுக்காரனுக்குக் கொடுத்த நிரந்தர வேலையே அவனைத் தாங்கியது. லீக் மூன்று வாரம். வேலை முப்பது வருடம்.

எங்களிடமும் அதற்குச் சாட்சி உண்டு. ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் உலக வலைப்பந்தாட்டத்தின் மிக உயரமான வீராங்கனைகளில் ஒருவர். 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர் அவரே. கொழும்பில் வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான வலைப்பந்தாட்டத்தில் வங்கி ஒன்றின் அணிக்காக ஆடினார். பின்னர் அவுஸ்திரேலியக் கழகத்துக்குப் போனார். வேலையும் ஆட்டமும் ஒன்றாகக் கிடைத்த இடத்தில் அவர் நிலைத்தார்.

நிலைத்தவை எவை?

குடாநாட்டில் நூறு வருடம் கடந்த போட்டிகள் இருக்கின்றன. யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' 1904இல் தொடங்கியது. சென். பற்றிக்ஸ் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான 'பொன் அணிகளின் சமர்' 1917இல். போர்க்காலத்தில் இடைவெளிகள் விழுந்தன. ஆனால் போட்டி சாகவில்லை. காரணம், அவற்றை வாங்கவும் விற்கவும் யாராலும் முடியாது. பழைய மாணவர் இருக்கும் வரைக்கும் அந்தப் போட்டி இருக்கும்.

உதைபந்தாட்டத்தைப் பாருங்கள். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல். பெயரின் முதற்சொல்லே ஊர். அந்தக் கழகங்களுக்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. சந்தா கட்டுகிறவர், மைதானத்துக்கு வரம்பு கட்டுகிறவர், கோல்கம்பத்துக்கு வெள்ளை அடிக்கிறவர், பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் பந்து வாங்கக் காசு அனுப்புகிறவர், எல்லோரும் சேர்ந்துதான் உரிமையாளர். துரையப்பா அரங்கு 2016இல் இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டபின் அந்தக் கழகங்களின் இறுதி ஆட்டங்களை மதிலேறிப் பார்க்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2018இல் நோர்த் ஈஸ்ற் பிரீமியர் லீக் என்ற பெயரில் ஏலம் போட்டு உதைபந்தாட்ட அணிகளை உருவாக்கினார்கள். தமிழ் யுனைற்றெட், கிளிநொச்சி நைற்ஸ், வல்வை எஃப்சி என்ற பெயர்கள் சில மாதங்கள் வாய்க்கு வாய் நின்றன. அந்தத் தொடர் நீடிக்கவில்லை. அதில் ஆடிய பெடியள் எங்கே போனார்கள்? தங்கள் ஊர்க் கழகத்துக்கே திரும்பினார்கள். கழகம் இருந்ததால் திரும்ப ஓர் இடம் இருந்தது.

தொழில்முறை ஆட்டத்திலும் இப்படி ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் கிறீன் பே, ஒரு இலட்சம் பேர் அளவில் வாழும் சிறு நகரம். அதன் அமெரிக்கன் ஃபுட்போல் அணியான பாக்கர்ஸ் 1919இல் தொடங்கியது. 1923 முதல் பொதுமக்களின் பங்குகளில் நடக்கிறது. இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பங்காளர்கள். இலாபம் யாருக்கும் பிரிக்கப்படுவதில்லை. அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. அது ஆடும் லீக்கின் மற்றச் சிறு நகரத்து அணிகள் எல்லாம் அழிந்தபோது இது மட்டும் நின்றது. ஊர்க்கழகத்தை நடத்தத் தெரிந்த யாழ்ப்பாணத்துக்கு இந்த முறை புதிதில்லை.

அடுத்தவர் வரும்போது

அடுத்த உரிமையாளர் ஒருநாள் வருவார். கிரிக்கெட்டுக்கு வரலாம், கூடைப்பந்துக்கு வரலாம். 2025 செப்டெம்பர் 1 அன்று மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். மைதானம் எழும்பினால் யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு விலையும் எழும்பும். அப்போது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

மாவட்டச் சங்கங்களும் பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் மாநகர சபையும் ஒரே மேசையில் இருந்து நிபந்தனைகளை எழுத வேண்டும். எங்கள் பெயரைப் போட்டால் தொடரின் ஓர் ஆட்டமாவது இந்த மண்ணில் நடக்க வேண்டும். அது முடியாத வருடத்தில் அணியின் பயிற்சி முகாம் இங்கே நடக்க வேண்டும். அணிப்பட்டியலில் வடக்குப் பெயர் இருந்தால் போதாது. களத்தில் இறங்கும் பதினொருவரில் இருக்க வேண்டும். உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு முதல் நாளே உள்ளூர் நிதியில் விழ வேண்டும். திடல்களுக்கு வர்ணமும் வளையமும், பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்றுநரும் அந்தக் காசில் வர வேண்டும். சபை தனக்கு வங்கி உத்தரவாதம் கேட்கிறது; ஊரும் தனக்குக் கேட்கலாம். சில்னா சகோதரர்கள் எழுதி வாங்கினார்கள். எங்களால் ஏன் முடியாது?

இது பேராசையில்லை. வியாஸ்காந்த் 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே 8 அன்று சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லில் இறங்கி நான்கு ஓவர்களில் 27 ஓட்டங்களே கொடுத்தார். ஸ்டாலியன்ஸ் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கதவு வரைக்கும் அவரை நடத்திக்கொண்டு வந்தது யாழ். மத்திய கல்லூரி மைதானம். 1904இன் சமரில் ஆடிய கல்லூரியின் மைதானம். எந்த உரிமையாளர் வந்தாலும் போனாலும் மாலை நாலரைக்கு அங்கே பயிற்சி நடக்கும். அடுத்த அணி இந்த மண்ணில் அப்படி ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகட்டும். ஒரே பருவத்தில் மறைந்தாலும் அதன் பெயரை நாங்கள் மறக்க மாட்டோம்.

நகரத்துப் பள்ளிக்கூடத் திடலில் இருட்டத் தொடங்கிவிட்டது. பழைய மாணவர் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து வெள்ளை வர்ணப் பேணி ஒன்றையும் தூரிகையையும் எடுத்து வருகிறார். கயிற்றின் ஒரு நுனியை வளையத்துக்கு நேர் கீழே ஒரு பெடியன் பிடித்துக்கொள்ள, மறுநுனியில் தூரிகையோடு இன்னொருவன் வட்டம் வருகிறான். 6.75 மீற்றர். அளந்து, குனிந்து, மெதுவாக. "நாளைக்குக் காயும் வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கப்படாது," என்கிறார் அவர். பெடியள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே வருகிறார்கள்.